"லீவில் எனக்கு மட்டும் விசேஷம்" என்று சிறுமி சொன்னால்

கேள்வி: பள்ளி ஒன்றில் சமூகப் பணியாளராகச் சேர்ந்து இரண்டு மாதம் ஆகிறது. ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி, "லீவில் பாட்டி ஊருக்குப் போறோம். எனக்கு மட்டும் ஒரு விசேஷம். தம்பிக்குக் கிடையாது" என்றாள். அவள் அம்மாவுக்குச் சிறுவயதில் பெண்ணுறுப்புச் சிதைப்பு (மருத்துவக் காரணம் இல்லாமல் பெண்ணுறுப்பை வெட்டும் வழக்கம்) நடந்தது எனக்குத் தெரியும். வீட்டுக்குப் போய்ப் பேசட்டுமா? பேசினால் குடும்பம் விலகிவிடுமோ?

பதில்: முதலில் பயணத் தேதி என்ன என்று கண்டுபிடியுங்கள். நீண்ட விடுமுறையில்தான் இது அதிகம் நடக்கிறது. பள்ளி திறப்பதற்குள் காயம் ஆறிவிடும் என்பது கணக்கு. தாய்க்கு நடந்திருக்கிறது, பாட்டி ஊர், மகளுக்கு மட்டும் விசேஷம் என்று மூன்றும் சேர்ந்து வந்தால் உறுதியாகட்டும் என்று காத்திருக்காதீர்கள். இன்றைக்கே பள்ளியின் குழந்தைப் பாதுகாப்புப் பொறுப்பாளரிடம் சொல்லுங்கள். வீட்டுக்குத் தனியாகப் போக வேண்டாம். விஷயம் வெளியே தெரிந்ததும் பயணத்தை முன்கூட்டியே வைத்துக்கொள்ளும் ஆபத்து உண்டு. போவதா, எப்போது, யார் போவது என்பதைக் கூடி முடிவெடுங்கள். "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று சிறுமிக்கு வாக்கும் கொடுக்காதீர்கள்.

உங்கள் நாட்டுச் சட்டத்தையும் கையில் வைத்திருங்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2015 முதல் நீதிமன்றப் பாதுகாப்பு உத்தரவு பெற்று, சிறுமியின் பாஸ்போர்ட்டை வாங்கி வைக்க முடிகிறது.

சரி, தாயிடம் எப்படிப் பேசுவது? 'சிதைப்பு' என்ற சொல்லை வாசலிலேயே விட்டுவிடுங்கள். அந்த அம்மாவின் காதில் அது தன் உடலைப் பற்றிய வசையாகத்தான் விழும். வீட்டில் அவர்கள் சொல்லும் சொல்லையே கேட்டுப் பயன்படுத்துங்கள். மொழிபெயர்க்க உறவினரை உட்கார வைக்காதீர்கள். "அன்றைக்கு உங்களுக்கு என்ன வயசு? யார் பக்கத்தில் இருந்தாங்க?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். பதில் வர வெகுநேரம் ஆகலாம். அந்த மௌனத்தை அறிவுரையால் நிரப்பத் தோன்றும், நிரப்பாதீர்கள். கையைப் பிடித்து அழுத்தியது யார், பிறகு சிறுநீர் கழிக்க எத்தனை நாள் பயந்தோம் என்பதெல்லாம் அவர் வாயாலேயே வரும். அதைவிட வலுவான வாதம் நம் கையில் கிடையாது.

"சும்மா ஒரு கீறல்தான்", "டாக்டர்தான் செய்வார்" என்பார்கள். அதுவும் சிதைப்புதான்: உலக சுகாதார அமைப்பு இதை வகுத்த நான்கு வகைகளில் குத்துவதும் கீறுவதும் நான்காவதில் அடங்கும். டாக்டர் செய்தாலும் உடலுக்கு ஒரு நன்மையும் இல்லை. ரத்தப்போக்கு, தொற்று, பின்னால் பிரசவச் சிக்கல் என்று கேடுதான் உண்டு.

ஆனால், தீங்கு தெரிந்தும் நிறுத்த முடியாத தாய்மார்கள் ஏராளம். வெட்டாத பெண்ணை யார் கட்டுவார் என்ற பயம்தான் காரணம். பாட்டியும் பேத்தியின் நல்வாழ்வு என்று நம்பித்தான் செய்கிறார். இதைச் செனகல் நாட்டில் தெளிவாகப் பார்த்தார்கள். 1997-இல் மாலிகுண்டா பம்பாரா என்ற ஊர்ப் பெண்கள் இனி வெட்ட மாட்டோம் என்று பகிரங்கமாக அறிவித்தார்கள். பக்கத்து ஊர் இமாம் டெம்பா டியாவாரா ஒரு விஷயத்தைச் சுட்டிக்காட்டினார்: பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் ஊர்கள் எல்லாம் ஒன்றாகக் கைவிட்டால்தான் இந்த வழக்கத்தை விட முடியும். ஊர் ஊராக நடந்தே போய்ப் பேசினார். அடுத்த ஆண்டு 13 ஊர்கள் சேர்ந்து அறிவித்தன. தனி ஒரு தாயின் தலையில் முடிவைச் சுமத்தக் கூடாது என்பதை நான் இதிலிருந்துதான் கற்றுக்கொண்டேன்.

அதனால், பாட்டியை எதிர்த்துப் பேச வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள் என்று தாயிடமே கேளுங்கள். அப்பாவை விட்டுவிடாதீர்கள். "அது பொம்பளைங்க விஷயம்" என்று ஒதுங்கியிருப்பவர், மகளுக்கு என்ன நடக்கப் போகிறது என்று விளக்கமாகக் கேட்டதும் உறுதியாக மறுத்துவிடுவதும் உண்டு. மகளை வெட்டாமல் வளர்க்கும் குடும்பம் அதே சமூகத்தில் இருந்தால், அவர்களிடம் பேச விருப்பமா என்று தாயைக் கேட்டுப் பாருங்கள்.

அப்புறம், அந்த அம்மாவையும் மறந்துவிடாதீர்கள். அவருக்கு நடந்தது பெண்ணுறுப்பைத் தைத்து மூடிய வகை என்றால், அதைத் திறந்துவிடும் அறுவை சிகிச்சை இருக்கிறது. இத்தனை வருடத்தில் அதை அவரிடம் யாருமே சொல்லாமல் இருந்திருக்கலாம்.