பெண்களின் சாதனைகளைக் கொண்டாடினால் பாலினச் சமத்துவம் வந்துவிடுமா?

கொண்டாட்டம் தேவைதான், ஆனால் அது மட்டும் போதாது என்பதற்கு மேரி கியூரியின் வாழ்க்கையே சான்று. 1903-ஆம் ஆண்டு இயற்பியல் நோபல் பரிசுக்கு முதலில் அவருடைய கணவர் பியரும் இயற்பியலாளர் பெக்கரலும் மட்டுமே கருதப்பட்டனர். இதை முன்கூட்டியே அறிந்த பியர், ஆய்வில் மேரியின் பங்கை வலியுறுத்திய பிறகே அவர் பெயரும் சேர்க்கப்பட்டது. 1911-இல் பிரெஞ்சு அறிவியல் கழகம் அவரை உறுப்பினராக ஏற்க மறுத்தது. அதே ஆண்டில் வேதியியலுக்காக இரண்டாவது நோபல் பரிசைப் பெற்றார். அவ்வளவு புகழுக்குப் பின்னும், அக்கழகம் ஒரு பெண்ணை முழு உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது 1979-இல்தான்.

விதிகளை மாற்றுவதில் கூட்டு முயற்சிக்கே வலிமை அதிகம் என்பது என் கருத்து. ஐஸ்லாந்தில் 1975 அக்டோபர் 24 அன்று பெண்களில் ஏறத்தாழ 90 விழுக்காட்டினர் ஊதியப் பணியோடு வீட்டு வேலையையும் (கணக்கில் வராத உழைப்பு இதுவே) நிறுத்தினர். மறு ஆண்டே சமவுரிமைச் சட்டம் நிறைவேறியது; 1980-இல் விக்டிஸ் ஃபின்போகாடோட்டிர் என்ற பெண் அந்நாட்டுக் குடியரசுத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஆயினும் ஊதிய இடைவெளியையும் பாலின வன்முறையையும் எதிர்த்து, 2023-இல் அந்நாட்டுப் பெண்கள் மீண்டும் ஒரு நாள் வேலைநிறுத்தம் செய்ய நேர்ந்தது.