ஒரே அப்பா அம்மா, ஆனா ஒவ்வொரு புள்ளையும் ஒரு தினுசு: மியாசிஸ் பத்தி கேள்வி பதில்

காலேஜ்ல ஜெனிட்டிக்ஸ் எடுக்குறேன். இன்னிக்கு சாயங்காலம் ஃப்ரீதான், மியாசிஸ் பத்தி, அதாவது விந்தணு, முட்டை உருவாகும்போது குரோமோசோம் எண்ணிக்கை பாதியாகுற செல் பிரிவு பத்தி, என்ன சந்தேகம்னாலும் கேளுங்க, தெரிஞ்ச வரைக்கும் சொல்றேன்.

நீட் மாணவி: அக்கா, 2 பவர் 23ன்னு புக்ல போட்டிருக்கே, அது எங்க இருந்து வருது?

நமக்கு ஒவ்வொரு செல்லுலயும் 46 குரோமோசோம் (ஜீனெல்லாம் இருக்குற டிஎன்ஏ இழை), அதாவது 23 ஜோடி. ஒவ்வொரு ஜோடியிலயும் ஒண்ணு உங்க அம்மா குடுத்தது, இன்னொண்ணு அப்பா குடுத்தது. மியாசிஸோட மெட்டாஃபேஸ் ஒண்ணுங்கற கட்டத்துல இந்த ஜோடிங்க நடுவுல வந்து நிக்கும்போது எது எந்தப் பக்கம் போகணும்னு ரூலே கிடையாதும்மா, முதல் ஜோடில அம்மாவோடது இந்தப் பக்கம் போச்சுன்னா அடுத்த ஜோடிலயும் அப்படியே போகணும்னு அவசியம் இல்ல. ஒரு ஜோடிக்கு ரெண்டு வாய்ப்பு, 23 ஜோடிக்கும் பெருக்கிப் பாருங்க, 83,88,608 வரும், ஒரு ஆளோட விந்தணுவோ முட்டையோ இத்தன விதமா அமையலாம். கணவன் மனைவி ரெண்டு பேரோடதையும் பெருக்கினா கிட்டத்தட்ட 70 லட்சம் கோடி. இதுல கிராசிங் ஓவர இன்னும் சேர்க்கவே இல்ல!

அதே மாணவி: அப்போ கிராசிங் ஓவர்ல என்ன நடக்குது?

ரெண்டு பூச்சரத்த பக்கத்துல பக்கத்துல வச்சு, ஒரே இடத்துல ரெண்டையும் நறுக்கி, இதோட தலைய அதோட வாலுக்கு மாத்திக் கட்டுனா எப்படி இருக்கும், ஜோடி குரோமோசோம் ரெண்டும் அப்படித் துண்டு மாத்திக்கிறதுதான் அது. இதுல ஆச்சரியம் என்னன்னா, ஸ்போ11னு ஒரு புரோட்டீன வச்சு செல்லே தன்னோட டிஎன்ஏவ வேணும்னே பல இடத்துல வெட்டிக்குது, அதுல பெரும்பாலானது சும்மா ஒட்டிக்கும், கொஞ்சம்தான் நிஜமா மாறும். அப்படி மாறுன இடம் ஒரு விந்தணுவுல சராசரியா 25 சொச்சம், முட்டைல 40 கிட்ட. அதனால உங்க அம்மா உங்களுக்குக் குடுத்த குரோமோசோம்ல பாதி இடத்துல தாத்தா இருப்பாரு, மீதி இடத்துல பாட்டி இருப்பாங்க. பரீட்சைக்குன்னா, நடக்குறது மியாசிஸ் தொடக்கத்துல வர்ற பாக்கிடீன் கட்டத்துல, கயாஸ்மா (மாத்திக்கிட்ட இடத்துல தெரியுற முடிச்சு) கண்ணுக்குத் தெரியுறது அடுத்து வர்ற டிப்ளோடீன்ல. இத மாத்தி எழுதித்தான் நிறைய பேர் மார்க் விடுறாங்க.

ஒரு அம்மா: மூத்தவனும் சின்னவளும் கொஞ்சம் கூட ஒத்துப்போகல மேடம், முகமும் சரி குணமும் சரி. கூடப்பிறந்தவங்களுக்கு டிஎன்ஏ 50 சதவீதம் ஒண்ணா இருக்கும்னு சொல்றாங்களே?

50ங்கறது சராசரிதாங்க. கூடப்பிறந்தவங்க ஆயிரக்கணக்கானவங்கள வச்சுப் பார்த்ததுல 37 சதவீதத்துல இருந்து 62 வரைக்கும் கூட வந்திருக்கு. அதனால சில வீட்ல ரெண்டு புள்ளைங்க நிஜமாவே மத்தவங்க வீட்ட விட நெருக்கமா இருப்பாங்க. குணத்த மட்டும் முழுசா ஜீன் தலைல கட்டிடாதீங்க.

மாந்தோப்பு வச்சிருக்கவர்: நல்ல ருசியான பழத்தோட கொட்டைய நட்டேன், வந்த மரம் புளிப்பு. ஒட்டுக்கன்னுதான் வாங்கணுமா?

ஆமாங்கண்ணே. ஒட்டுல மியாசிஸே கிடையாது, தாய்மரம் அப்படியே வரும். நீலம், பங்கனப்பள்ளி மாதிரி வகைல கொட்டைன்னா ரெண்டு பக்கமும் கலைஞ்சு வர்ற புது ஆளு. எவ்வளவு கலையும்னு பார்க்கணும்னா டெல்லி பூசா ஆராய்ச்சி நிலையத்துல பண்ணதப் பாருங்க: நம்ம நீலத்தையும் வடக்கத்தி தசேரியையும் சேர்த்தாங்க, நீலம் தாயா இருந்ததுல மல்லிகா வந்துச்சு, தசேரி தாயா இருந்ததுல ஆம்ரபாலி வந்துச்சு. மல்லிகா பழம் பெருசு, ஆம்ரபாலி மரமே குட்டை, நெருக்கி நடலாம், வருஷா வருஷம் காய்க்கும். அப்பா அம்மா அதே ரெண்டு மரம்தான்! இது தாய மாத்தினதால வந்த வித்தியாசம்னு சிலர் சொல்லுவாங்க, எனக்கு அப்படித் தோணல, ஒவ்வொண்ணும் ஒரே ஒரு கொட்டைல இருந்து பொறுக்கி எடுத்தது, அதே செடில இன்னொரு கொட்டை வேற மாதிரி வந்திருக்கும். ஆனா எல்லா மாங்கொட்டையும் இப்படி இல்ல, கேரளா பக்கம் சில வகைல ஒரே கொட்டைல நாலஞ்சு முளை வரும், அதுல பெரும்பாலும் தாயோட நகல்தான்.

அவரே: அப்ப வாழை?

வாழைல கதையே தலைகீழ். காட்டு வாழைக்கு 22 குரோமோசோம், உள்ள கல்லு மாதிரி விதை இருக்கும். நாம சாப்பிடுற ரஸ்தாளி, பூவன், கற்பூரவள்ளி எல்லாத்துக்கும் 33, ஒவ்வொண்ணும் மூணு மூணு செட். மூணு பேர் ஜோடி சேர முடியாதுல்ல, மியாசிஸ் குழம்பிடும், விதை புடிக்காது. பக்கக்கன்னு எடுத்துத்தான் நடுறோம், அதனால தோப்பு முழுக்க கிட்டத்தட்ட ஒரே உயிர். ஒரு மரத்த வாடல் நோய் சாய்ச்சா பக்கத்து மரத்துக்கும் தப்பிக்க வழி இல்ல. உலகம் பூரா ஏத்துமதி ஆன குரோ மிஷேல் வாழைய 1950கள்ல பனாமா வாடல் இப்படித்தான் காலி பண்ணுச்சு. அதுக்குப் பதிலா வந்த கேவண்டிஷையும் இப்ப அதே பூஞ்சையோட இன்னொரு ரகம் துரத்துது.

பெயர் சொல்லாதவர்: Y குரோமோசோம் அப்பாகிட்ட இருந்து அப்படியே வருமா?

கிட்டத்தட்ட அப்படியேதான். ரெண்டு நுனியில மட்டும் X கூட மாத்திக்கும்.

ஐடி வேலை செய்றவர்: அப்போ இயற்கை வேறுபாடு வேணும்னுதான் கிராசிங் ஓவர வச்சிருக்கா?

இயற்கைக்கு அப்படி திட்டம் எதுவும் இல்லீங்க. செல்லுக்கு அதோட உடனடி உபயோகம் வேற: ஜோடி பிரியுற வரைக்கும் புடிச்சு வைக்க அந்த கயாஸ்மா முடிச்சு வேணும். முடிச்சு இல்லாத ஜோடி தப்பான பக்கம் போயிடும், ஒரு முட்டைல 21ஆம் குரோமோசோம் ரெண்டு, இன்னொண்ணுல ஒண்ணுமே இல்லன்னு. பொண்ணுங்களுக்கு முட்டை எல்லாம் அம்மா வயித்துல இருக்கும்போதே மியாசிஸ ஆரம்பிச்சு பாதில நிறுத்திடுது, 20, 30, 40 வருஷம் கழிச்சுத்தான் மீதி. அத்தன காலம் புடி தளராம இருக்கணும், அம்மாவுக்கு வயசு கூடக்கூட டவுன் சிண்ட்ரோம் (குழந்தைக்கு 21ஆம் குரோமோசோம் மூணு இருக்குற நிலை) வாய்ப்பு ஏறுறதுக்கு இது முக்கியக் காரணம். ஆனா ஆண் பழ ஈ கிராசிங் ஓவர் பண்றதே இல்ல, வேற வழி வச்சு சமாளிக்குது.

நீட் மாணவி: புது ஜீன் மியாசிஸ்ல உருவாகுமா அக்கா?

பொதுவா இல்லம்மா, இருக்குறதத்தான் மாத்தி அடுக்கும். டிஎன்ஏவுல புது எழுத்து வர்றது மியூட்டேஷன்ல (டிஎன்ஏ எழுத்து மாறிப்போறது), ஒரு குழந்தைக்கு சுமார் 60, 70 வரும், பெரும்பாலும் அப்பா பக்கத்துல இருந்து.

ஒருத்தர்: கோவேறு கழுதைக்கு ஏன் குட்டி பொறக்கல?

குதிரைக்கு 64 குரோமோசோம், கழுதைக்கு 62, ரெண்டும் சேர்ந்து பொறந்த இதுக்கு 63. பாதி குதிரையோடது பாதி கழுதையோடது, ஜோடி சரியா சேராது, மியாசிஸ் நடுவுலயே நின்னுடும். எப்பவாவது அபூர்வமா பொட்டை குட்டி போட்டதா பதிவு இருக்கு, ஆண் கோவேறு கழுதை அப்பா ஆனதா எங்கயும் இல்ல.