கேள்வி – பதில்: பழைய சொல்லுக்குப் புதிய பொருளா?

கேள்வி: உயிர்த்தெழுந்த பண்டிகையன்று எங்கள் ஆலயத்தில் செய்தி கொடுத்தவர், “கல்லறை உண்மையிலேயே வெறுமையாக இருந்ததா என்பது முக்கியமல்ல, சீடர்களின் உள்ளத்தில் அணைந்துபோன நம்பிக்கை மறுபடியும் உயிர்பெற்றதே உயிர்த்தெழுதல்” என்று விளக்கினார். அன்பாகவும் அழகாகவும் பேசினார். பலருக்கு அது ஆறுதலாகவே இருந்தது. ஆறுதல் தருகிற ஒரு விளக்கத்தை நாம் ஏன் எதிர்க்கவேண்டும்?

பதில்: அந்தச் சகோதரரின் அன்பையோ நல்லெண்ணத்தையோ நான் ஐயப்படவில்லை. ஆனால் அவர் சொன்னது அப்போஸ்தலர்கள் சொன்ன செய்தி அல்ல என்பதைத் தயக்கமின்றிச் சொல்லவேண்டியிருக்கிறது.

சுவிசேஷங்கள் சீடர்களின் உள்ளத்தை எப்படிக் காட்டுகின்றன என்று முதலில் பாருங்கள். யூதருக்குப் பயந்து கதவுகளைப் பூட்டிக்கொண்டு அவர்கள் உள்ளே இருந்தார்கள். கல்லறைக்குப் போய்வந்த பெண்கள் கொண்டுவந்த செய்தி அவர்களுக்கு வீண்பேச்சாகத் தோன்றியது. எம்மாவு ஊருக்குப் போன இருவரும் “நம்பியிருந்தோம்” என்று இறந்தகாலத்தில் பேசினார்கள். தோமாவோ காயங்களைத் தொட்டுப் பார்க்காமல் விசுவாசிக்கமாட்டேன் என்றான். இப்படிப்பட்ட மனிதர்களுடைய உள்ளத்தில் நம்பிக்கை தானாக ஊற்றெடுத்து, அந்த நம்பிக்கை பின்பு உயிர்த்தெழுந்த கர்த்தரைக் கற்பித்துக்கொண்டது என்பது, சுவிசேஷங்கள் சொல்லும் வரிசையைத் தலைகீழாகப் புரட்டுவதாகும். கர்த்தர் எழுந்தார், அவர்கள் கண்டார்கள், அதனால் நம்பினார்கள் என்பதே வேதம் காட்டுகிற வரிசை. தம்மை ஆவி என்று எண்ணிக் கலங்கியவர்களிடம், “என்னைத் தொட்டுப்பாருங்கள்” என்று சொல்லி, அவர்களுக்கு முன்பாக மீன்கண்டத்தை வாங்கிப் புசித்தார் என்று லூக்கா எழுதியதற்கு வேறு என்ன நோக்கம் இருக்கமுடியும்?

பவுல் கொரிந்து சபைக்கு ஏறத்தாழ கி.பி. 55இல் எழுதினார். சிலுவை நிகழ்ந்து கால் நூற்றாண்டே ஆகியிருந்தது. கிறிஸ்து ஒரேவேளையில் ஐந்நூறு பேருக்கு அதிகமான சகோதரருக்குத் தரிசனமானார் என்றும், அவர்களில் அநேகர் இன்னும் உயிரோடிருக்கிறார்கள் என்றும் அவர் எழுதுகிறபோது, ஐயமுள்ளவன் போய் விசாரித்துக்கொள்ளட்டும் என்றே சொல்லுகிறார். உள்ளத்தில் தோன்றிய உணர்வுக்கு இப்படி யாரும் சாட்சிகளை எண்ணிக் காட்டுவதில்லை. “கிறிஸ்து எழுந்திருக்கவில்லையென்றால், எங்கள் பிரசங்கமும் விருதா, உங்கள் விசுவாசமும் விருதா” என்று அதே அதிகாரத்தில் அவர் தம் ஊழியம் முழுவதையும் இந்த ஒரு நிகழ்ச்சியின்மேல் வைக்கிறார்.

அந்தச் சகோதரர் கொடுத்த விளக்கம் புதிய கண்டுபிடிப்பும் அல்ல. 1941ஆம் ஆண்டில் ஜெர்மானிய வேத அறிஞர் ருடால்ஃப் புல்ட்மான், மின்விளக்கையும் வானொலியையும் பயன்படுத்துகிற மனிதன் புதிய ஏற்பாட்டின் அற்புத உலகத்தை நம்பமுடியாது என்று வாதிட்டு, அந்தச் செய்தியைப் புராணக் கூறுகளிலிருந்து பிரித்து விளக்கவேண்டும் என்றார். ஆனால் இறந்தவர்கள் எழுந்திருப்பதில்லை என்பதை அறிய மின்விளக்கு தேவையில்லை. அத்தேனே பட்டணத்தில் மரித்தோரின் உயிர்த்தெழுதலைக் குறித்துப் பவுல் பேசியவுடன் சிலர் பரிகாசம் பண்ணினார்கள் என்று அப்போஸ்தலர் நடபடிகள் 17ஆம் அதிகாரம் கூறுகிறது. இந்தச் செய்தி எந்த நூற்றாண்டிலும் எளிதாக நம்பக்கூடியதாக இருந்ததில்லை. கேட்பவர்கள் சிரிப்பார்கள் என்று தெரிந்தும் பவுல் அதை மாற்றிச் சொல்லவில்லை.

இதில் என்னை மிகவும் வருத்துகிற காரியம் ஒன்று உண்டு. “எனக்கு இதில் நம்பிக்கை இல்லை” என்று ஒருவர் வெளிப்படையாகச் சொன்னால், சபை அவரோடு பேசலாம், அவருக்காக ஜெபிக்கலாம். ஆனால் உயிர்த்தெழுதல், இரட்சிப்பு, கிருபை என்ற சொற்களை அப்படியே வைத்துக்கொண்டு, உள்ளே இருந்த பொருளை மட்டும் எடுத்துவிட்டு வேறொன்றை வைக்கும்போது, பின்வரிசையில் அமர்ந்திருக்கிற விசுவாசி தான் எதை இழந்தோம் என்பதையே அறியாமல் வீடு திரும்புகிறார். அவருக்குக் கிடைத்த ஆறுதலும் அந்தப் பழைய சொல் அவருடைய மனதில் இன்னும் சுமந்துகொண்டிருக்கிற பழைய பொருளிலிருந்து வந்ததுதான்.

கேள்வி: விசுவாசப்பிரமாணத்தில் குமாரனைக் குறித்துச் சொல்லப்படும், பிதாவோடு “ஒரே தன்மையுடையவர்” என்ற சொல் வேதாகமத்தில் இல்லை. நிசேயா சங்கத்தார் தங்கள் காலத்துக் கிரேக்கத் தத்துவச் சொல்லை எடுத்து விசுவாசத்திற்குப் புது விளக்கம் கொடுத்தார்கள். அவர்களுக்கு இருந்த உரிமை நமக்கு இல்லையா?

பதில்: நல்ல கேள்வி. 325ஆம் ஆண்டில் சபையின் கண்காணிகள் (பேராயர்கள்) நிசேயா நகரில் கூடிய சங்கத்தில் நடந்ததை அறிந்தால் இதற்கு விடை கிடைக்கும்.

அலெக்சாந்திரியாவின் மூப்பரான ஆரியஸ், குமாரன் இல்லாதிருந்த வேளை ஒன்று உண்டு என்றும், அவர் படைக்கப்பட்டவர் என்றும் போதித்தார். அவர் வேதத்தை ஒதுக்கியவர் அல்லர். “என் பிதா என்னிலும் பெரியவராயிருக்கிறார்” போன்ற வசனங்களை ஆரியஸின் தரப்பினர் தாராளமாக எடுத்துக்காட்டினார்கள். நிசேயாவில் கூடிய கண்காணிகள் வேதச் சொற்களாலேயே உண்மையை அறிக்கையிட விரும்பினார்கள் என்று அங்கே உதவிக்காரராக இருந்த அத்தனாசியஸ் பின்னாளில் எழுதுகிறார். ஆனால் ‘தேவனிடத்திலிருந்து வந்தவர்’ என்று சொன்னால், எல்லாம் தேவனிடத்திலிருந்துதானே வந்தன என்று சொல்லி ஆரியஸின் ஆதரவாளர்கள் அதை ஏற்றார்கள். ஒவ்வொரு வேதச் சொல்லையும் அவர்கள் ஒப்புக்கொண்டு, அதற்குத் தங்கள் பொருளை வைத்துக்கொண்டார்கள். அவர்களால் வளைக்கமுடியாத ஒரு சொல் தேவைப்பட்டதனால்தான் ‘பிதாவோடு ஒரே தன்மையுடையவர்’ என்ற சொல் அறிக்கைக்குள் வந்தது.

ஆகவே அங்கே புது விளக்கம் கொடுத்தவர் ஆரியஸ். சங்கத்தார் செய்தது, சபை தொடக்கமுதல் தொழுதுவந்த கர்த்தரைக் குறித்த பழைய பொருளுக்குப் புதிய சொல்லால் வேலியிட்டதாகும். இந்த வேறுபாட்டை நாம் விடக்கூடாது. பழைய பொருளைப் புதிய சொல்லில் சொல்ல சபைக்கு என்றும் உரிமை உண்டு. மொழிபெயர்ப்பும் பிரசங்கமும் ஞாயிறு பள்ளியும் அதைத்தான் செய்கின்றன. பழைய சொல்லுக்குள் வேறு பொருளை வைக்கும் உரிமை எவருக்கும் கொடுக்கப்படவில்லை. லெரின்ஸ் மடத்துத் துறவியான வின்சென்ட் 434ஆம் ஆண்டளவில் இதை உடலின் வளர்ச்சியோடு ஒப்பிட்டார்: குழந்தை வளர்ந்து முதியவனாகும்போது உறுப்புகள் பெரிதாகின்றன, ஆனாலும் அவன் அதே மனிதனாகவே இருக்கிறான்.

அத்தனாசியஸ் இந்த ஒரு சொல்லை விட்டுக்கொடுக்காததனால் ஐந்து முறை நாடுகடத்தப்பட்டார். கண்காணியாக இருந்த காலத்தில் ஏறத்தாழ 17 ஆண்டுகள் தம் மந்தையை விட்டு விலகியிருந்தார். பேரரசர்களின் ஆதரவு பல ஆண்டுகள் எதிர்த்தரப்பிடம் இருந்தது. பழைய உபதேசத்தைக் காப்பவர்கள் எப்போதும் அதிகாரத்தின் பக்கம் நிற்பவர்கள் என்று எண்ணுகிறவர்கள் இந்த வரலாற்றை நிதானமாகப் படிக்கவேண்டும்.

கேள்வி: அடிமைமுறையை நியாயப்படுத்திய பிரசங்கிகளும் வேதவசனத்தைக் காட்டித்தானே பேசினார்கள்? காலம் மாறியபோது சபை தன் விளக்கத்தை மாற்றிக்கொண்டது. அப்படியானால் மற்றவற்றிலும் ஏன் மாற்றிக்கொள்ளக்கூடாது?

பதில்: அவர்கள் அப்படிப் பேசியது உண்மை. விசுவாசப்பிரமாணத்தைப் பிழையின்றிச் சொன்ன வாய்களே மனிதரை விற்பதற்கு வசனம் காட்டின. அது சபையின் பாவம். அதைச் சிறிதாக்கிப் பேச நான் துணியமாட்டேன்.

ஆனால் அந்தப் பாவத்தைத் திருத்தியது எது? நான்காம் நூற்றாண்டில், சபையின் பெரும்பாலோர் அடிமைமுறையை இயல்பாக ஏற்றிருந்த நாளில், நிசா நகரின் கண்காணியான கிரகோரி பிரசங்கி புத்தகத்தை விளக்குகையில், “வேலைக்காரரையும் வேலைக்காரிகளையும் சம்பாதித்தேன்” என்ற வசனத்தில் நின்றார். தேவசாயலாகப் படைக்கப்பட்டு, பூமி முழுவதையும் ஆளும்படி வைக்கப்பட்டவனுக்கு என்ன விலை போடுவாய், அவனை விற்பவன் யார், வாங்குபவன் யார் என்பதே அவர் எழுப்பிய கேள்வியின் சாரம். திரித்துவ உபதேசத்தைக் காத்தவர்களில் முதன்மையானவர் இவர். மனிதன் தேவசாயல் என்ற உபதேசத்தை அவர் மாற்றவில்லை. அதன் கடைசி முடிவுவரை அதைப் பின்தொடர்ந்தார். தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் நிருபத்தின் முதல் அதிகாரத்தில், மனுஷரைத் திருடுகிறவர்களையும் பவுல் ‘ஆரோக்கியமான உபதேசத்திற்கு எதிராயிருக்கிற’ செய்கைக்காரரின் பட்டியலில் சேர்த்திருக்கிறார் என்பதையும் கவனியுங்கள்.

எதிர்ப்பக்கமும் ஒரு சான்று உண்டு. காலத்திற்கேற்ப விசுவாசத்தைத் திருத்தியமைக்கவேண்டும் என்ற கொள்கை, காலமே கெட்டுப்போகும்போது சபையை எங்கே கொண்டுபோய் விடும்? 1933ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், ஹிட்லரின் நாத்சி ஆட்சியை ஆதரித்த ‘ஜெர்மன் கிறிஸ்தவர்கள்’ என்ற இயக்கத்தார் பெர்லினில் கூடிய பெருங்கூட்டத்தில், பழைய ஏற்பாட்டிலிருந்து சபை விடுதலை பெறவேண்டும் என்றும், யூதத் தன்மை நீக்கப்பட்ட கிறிஸ்தவம் வேண்டும் என்றும் முழங்கப்பட்டது. அவர்களும் தங்கள் தலைமுறைக்குப் பொருந்துகிற விளக்கத்தையே தேடினார்கள். அதை எதிர்த்து 1934ஆம் ஆண்டு மே மாதம் பார்மென் நகரில் கூடியவர்கள், வேதத்தில் நமக்குச் சாட்சியிடப்படுகிற இயேசு கிறிஸ்துவே நாம் கேட்டுக் கீழ்ப்படியவேண்டிய தேவனுடைய ஒரே வார்த்தை என்ற பழைய அறிக்கையைக் கையில் எடுத்தார்கள். அதை வரைவதில் பெரும்பங்கு வகித்த இறையியலாளர் கார்ல் பார்த், தாம் மதித்த தாராளவாத ஆசிரியர்கள் 1914இல் பேரரசரின் போர்க்கொள்கைக்கு ஆதரவாகக் கையெழுத்திட்டதைக் கண்டு, அவர்களுடைய இறையியலின்மேலேயே நம்பிக்கை இழந்தவர். தன் காலத்தைக் கண்டித்துப் பேச விரும்புகிற சபைக்கு, அந்தக் காலத்திலிருந்து பெறாத ஒரு வார்த்தை கையில் இருக்கவேண்டும்.

கேள்வி: நான் வாலிபர் கூட்டத்தை நடத்துகிறேன். உபதேசப் பிரசங்கம் என்றாலே பிள்ளைகள் சோர்ந்துவிடுகிறார்கள். வாழ்க்கைக்குப் பயன்படுகிற செய்திகளையே கேட்கிறார்கள். நான் என்ன செய்வது?

பதில்: சகோதரி, பிழை பிள்ளைகளிடத்தில் மட்டும் இருக்கிறது என்று சொல்லமாட்டேன். உபதேசத்தைக் காக்கிறோம் என்று சொல்லுகிற எங்களில் பலர், அதை உயிரில்லாத வரையறைகளாகவும் பிறரை அடிக்கிற கோலாகவும் பயன்படுத்தியிருக்கிறோம்.

பவுல் அப்படிச் செய்யவில்லை. பிலிப்பி சபையில் எயோதியாள், சிந்திகேயாள் என்ற இரண்டு பெண்களுக்குள் மனவேற்றுமை இருந்தது. ஒற்றுமையாயிருங்கள் என்று சொல்லிவிட்டுப் போகாமல், தேவனுடைய ரூபமாயிருந்தவர் தம்மைத்தாமே வெறுமையாக்கி, அடிமையின் ரூபமெடுத்து, சிலுவையின் மரணபரியந்தமும் கீழ்ப்படிந்தார் என்று, கிறிஸ்துவின் மனுஷாவதாரத்தைக் குறித்த மிக உயர்ந்த உபதேசத்தை அந்தச் சபையின் முன்வைத்தார். கொரிந்தியரிடம் ஏழைகளுக்காகக் காணிக்கை கேட்டபோதும், ஐசுவரியமுள்ளவர் நமக்காகத் தரித்திரரானார் என்பதையே நினைவுபடுத்தினார். இந்த உபதேசத்தை எடுத்துவிட்டால் மீதியாக இருப்பது நல்ல அறிவுரை; அதை எந்தச் சொற்பொழிவாளரும் சொல்லுவார்.

விசுவாசத்தைக் கேள்வி–பதிலாகக் கற்பிக்கும்படி ஜெர்மனியில் 1563இல் வெளிவந்த ஐடல்பெர்க் வினாவிடையில் 129 கேள்விகள் உள்ளன. ஆண்டு முழுவதும் போதிக்கும்படி அவை 52 ஞாயிறுகளுக்குப் பிரிக்கப்பட்டன. அதன் முதல் கேள்வி, வாழ்விலும் சாவிலும் உன் ஒரே ஆறுதல் என்ன என்பதுதான். வாலிபர்களோடு அந்த ஒரு கேள்வியை ஒரு மாதம் பேசிப் பாருங்கள்.

என் ஊழியத்தின் தொடக்க ஆண்டுகளில் நானும் இயேசுவை ஒரு நல்ல முன்மாதிரியாகவே பெரும்பாலும் பிரசங்கித்தேன். மரணப்படுக்கையில் இருந்த முதியவர் ஒருவரிடம் அவருடைய நற்செயல்களை நினைவுபடுத்தி ஆறுதல் சொல்ல முயன்றேன். அவர் என் கையைப் பிடித்து, “ஐயா, நான் செய்த நன்மையைச் சொல்லவேண்டாம், என் பாவம் என்னவாயிற்று என்று சொல்லுங்கள்” என்றார். அவர் பல ஆண்டுகள் என் பிரசங்கத்தைக் கேட்டவர். அந்தக் கேள்விக்கு அதில் அவருக்கு விடை கிடைத்திருக்கவில்லை. “அவர் நம்முடைய பாவங்களுக்காக ஒப்புக்கொடுக்கப்பட்டும், நாம் நீதிமான்களாக்கப்படுவதற்காக எழுப்பப்பட்டும் இருக்கிறார்” என்ற ரோமர் வசனத்தை அன்று அவருக்கு மெதுவாக மூன்று முறை வாசித்தேன். அதற்குப் பிறகு என் பிரசங்கம் மாறியது.

கேள்வி: இப்படிப்பட்ட புதுப் போதனையைச் சொல்லுகிற போதகரின் சபையை விட்டு நான் விலகிவிடலாமா?

பதில்: அவசரப்படவேண்டாம். அப்பொல்லோ வேதவாக்கியங்களில் வல்லவனாயிருந்தும், யோவான் கொடுத்த ஸ்நானத்தை மாத்திரம் அறிந்தவனாகப் போதித்தான். ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் அவனைச் சபைநடுவே எழுந்து மறுக்கவில்லை. தங்களோடு சேர்த்துக்கொண்டு, தேவனுடைய மார்க்கத்தை அதிக திட்டமாய் விவரித்துக் காண்பித்தார்கள். உங்கள் போதகரிடமும் தனியாகச் சந்திக்க நேரம் கேளுங்கள். அவர் சொன்னதை நீங்கள் சரியாகப் புரிந்துகொண்டீர்களா என்று முதலில் விசாரியுங்கள். சில வேளைகளில் ஒரு வாக்கியத்தின் பிசகுதான் நம்மைக் கலங்கச் செய்திருக்கும். கர்த்தர் சரீரத்தில் எழுந்ததையே அவர் மறுக்கிறார் என்று உறுதியானால், சபையின் மூப்பர்களில் இருவரை அழைத்துக்கொண்டு மறுபடியும் போங்கள். அப்போது 1 கொரிந்தியர் 15ஆம் அதிகாரத்தை முதல் வசனத்திலிருந்து அவரோடு சேர்ந்து வாசித்து, இதை எங்களுக்கு அப்படியே பிரசங்கிப்பீர்களா என்று மரியாதையோடு கேளுங்கள். விலகுவதா இருப்பதா என்பதை அவருடைய பதிலைக் கேட்ட பிறகு முடிவுசெய்யலாம்.