அமராவதி ஆற்று ரோமானியக் காசு: 3,000 ரூபாய் கொடுக்கலாமா?

கேள்வி: கரூர்ப் பக்கம் ஒருவர் சின்னச் செப்புக் காசு ஒன்றைக் காட்டி, போன வாரம் அமராவதி மணலில் கிடைத்த கான்ஸ்டன்டைன் பேரரசர் காசு என்கிறார். 3,000 ரூபாய் கேட்கிறார். சட்டைப் பொத்தான் அளவுதான் இருக்கிறது. ஒரு பக்கம் தலை. மறுபக்கம் ஓர் உருவம் எதையோ இழுத்துக்கொண்டு போகிறது. எழுத்தெல்லாம் தேய்ந்துவிட்டது. வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். காசு உண்மையானதாகவே இருந்தாலும் வாங்காதீர்கள்.

முதலில் அது யாருடையது என்று பார்ப்போம். இந்தக் காசுகளில் தலையை வைத்து அரசரைச் சொல்வது கடினம். முத்துப் பட்டம் கட்டிய எல்லா முகமும் ஒன்றுபோலவே இருக்கும். பின்பக்கத்தைத்தான் பார்க்க வேண்டும். லென்ஸ் வைத்து, இழுக்கும் உருவத்துக்குச் சிறகு இருக்கிறதா என்று பாருங்கள். சிறகு இருந்தால் அது வெற்றித் தேவதை. தோளில் வெற்றிச் சின்னத்தைச் சுமந்தபடி கைதியை இழுத்துச் செல்கிறாள். கி.பி. 388-க்குப் பிறகு தியோடோசியஸ், அர்காடியஸ், ஹொனோரியஸ் என்ற ரோமானியப் பேரரசர்களின் பெயர்களில் வந்த காசு இது. 13, 14 மி.மீ. அகலம், எடை சுமார் ஒரு கிராம். சிறகில்லாமல் கையில் கொடி இருந்தால், இழுப்பவர் பேரரசரே. அது வாலன்டினியன், வாலென்ஸ் காலத்தது (364-க்குப் பின்). அளவிலும் கொஞ்சம் பெரியது. கான்ஸ்டன்டைனோ 337-லேயே இறந்துவிட்டார். அவர் ஆட்சியின் கடைசி ஆண்டுகளில் நிறைய வந்த காசில் இரண்டு வீரர்கள் எதிரெதிரே நிற்பார்கள், நடுவில் கொடி இருக்கும். உங்களிடம் காட்டியது அதுவல்ல.

உருவத்தின் காலடியில் ஒரு கோடு, அதற்குக் கீழே மூன்று நான்கு எழுத்துகள் தெரிகின்றனவா? அது காசு அடித்த அக்கசாலையின் அடையாளம். அந்தியோக்கியா, அலெக்ஸாண்ட்ரியா, கான்ஸ்டான்டினோபிள் என ஊரையே அது சொல்லிவிடும்.

அடுத்து, போலியா என்று பார்க்க வேண்டும். அசல் காசு அச்சில் அடித்தது. அதனால் படம் ஓரமாக நகர்ந்திருக்கும், விளிம்பு சில இடங்களில் வெடித்திருக்கும். விளிம்பைச் சுற்றி ஒட்டுக்கோடு ஓடினாலோ, பரப்பில் ஊசிமுனைக் குழிகள் இருந்தாலோ அது உலோகத்தை உருக்கி ஊற்றிச் செய்த வார்ப்பு, அதாவது போலி. பச்சைக் களிம்பு நகத்தில் சுரண்டியதும் பொடியாக வந்தால் சந்தேகப்படுங்கள்.

அமராவதியில் இத்தகைய காசுகள் ஏராளமாகக் கிடைத்திருப்பது உண்மை. மதுரை, அழகன்குளம், இலங்கையிலும் கிடைத்துள்ளன. தேய்ந்தவை உலகச் சந்தையில் கொத்தாகவே விற்கப்படுகின்றன. 3,000 கொடுக்கும் அளவுக்கு அரிதல்ல.

ஆனால் எனக்குப் பெரிய கவலை அந்த ‘போன வாரம்’தான். 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, மண்ணில் புதைந்து கிடந்து பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானமுள்ள பொருளை எடுத்தவர் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். நூறாண்டு தாண்டிய காசுகளை வியாபாரமாக விற்க, 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி உரிமம் வேண்டும். அவர் சொல்வது பொய்யென்றால் ஏமாறுவீர்கள். மெய்யென்றால் சிக்கலில் மாட்டுவீர்கள்.

ஆசை விடவில்லை என்றால், உரிமம் உள்ளவரிடம் ரசீதோடு வாங்குங்கள். வாங்கியதைப் புளி போட்டு விளக்கிவிடாதீர்கள்; களிம்போடு மிச்சமிருக்கும் எழுத்தும் போய்விடும்.