அப்டேட் பாதியில் நின்ற வைஃபை பெட்டி: புதிது வாங்கத்தான் வேண்டுமா?

கேள்வி: பழைய ரூட்டர் ஒன்றை மாடியில் அக்சஸ் பாயிண்டாக வைத்திருந்தேன். போன வாரம் ஃபர்ம்வேர் அப்டேட் ஓடிக்கொண்டிருந்தபோது கரண்ட் போய்விட்டது. அதிலிருந்து பவர் விளக்கு மட்டும் எரிகிறது. வைஃபை பெயர் தெரியவில்லை, கேபிள் போட்டாலும் செட்டிங்ஸ் பக்கம் திறக்கவில்லை. கடையில், "போர்டு போச்சு, புதுசு வாங்கிக்குங்க" என்கிறார்கள். கம்ப்யூட்டரை வைத்து மீட்க முடியுமா?

பதில்: அவசரப்பட்டுப் புதிது வாங்காதீர்கள். அப்டேட் பாதியில் நின்றால் பெரும்பாலும் கெடுவது பெட்டியை இயக்கும் ஃபர்ம்வேர் என்ற உள் மென்பொருள்தான், போர்டு அல்ல. பெட்டியைத் துவக்கி வைக்கும் பூட்லோடர் என்ற சின்ன நிரல் ஃபிளாஷ் நினைவகத்தில் தனிப் பகுதியில் இருக்கும். அது பிழைத்திருந்தால், கம்ப்யூட்டரிலிருந்து ஃபர்ம்வேரைத் திரும்ப ஏற்றிவிடலாம்.

அதற்கு முன் பில்லைத் தேடி எடுங்கள். வாரண்டி இருந்தால் சர்வீஸ் சென்டரிலேயே கொடுங்கள். தட்டிக் கழித்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். இணைய இணைப்பு தந்தவர்களே கொடுத்த பெட்டி என்றால் நீங்கள் கை வைக்கவே வேண்டாம், அவர்களிடம் சொல்லுங்கள்.

மீட்கும் முறை மாடலுக்கு மாடல் மாறும். அசூஸ் ரூட்டர்களுக்கு அந்த நிறுவனமே விண்டோஸில் ஓடும் மீட்பு மென்பொருள் தருகிறது. டி-லிங்க் மாடல்கள் பலவற்றில் ரீசெட் பட்டனை அழுத்திக்கொண்டே பவர் போட்டால், 192.168.0.1 முகவரியில் மீட்புப் பக்கம் திறக்கும்.

நம் ஊரில் நிறையப் புழங்கும் டிபி-லிங்க் 841என் மாடலின் 9-ஆம் பதிப்பை எடுத்துக்கொள்வோம். ரீசெட்டை அழுத்தியபடி பவர் போட்டதும், அது 192.168.0.66 என்ற முகவரியில் இருக்கும் கம்ப்யூட்டரிடம் ஒரு கோப்பைக் கேட்கும். ஆகவே லேப்டாப்பின் கேபிள் இணைப்புக்கு அந்த முகவரியைக் கையால் கொடுங்கள், சப்நெட் 255.255.255.0. லேப்டாப்பின் வைஃபையை அணைத்துவிடுங்கள். ஃபயர்வாலையும் சற்று நேரம் நிறுத்துங்கள். பலருக்கு வேலை கெடுவது இங்கேதான். நிறுவனத்தின் தளத்திலிருந்து இறக்கிய ஃபர்ம்வேருக்கு அந்தப் பெட்டி எதிர்பார்க்கும் பெயரை, அதாவது 'wr841nv9_tp_recovery.bin' என்பதை, ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் வைத்து, பெட்டி கேட்கும் கோப்பை அனுப்பும் டிஎஃப்டிபிடி64 என்ற இலவச மென்பொருளின் ஃபோல்டரில் போட்டு, அந்த மென்பொருளைத் திறந்து வையுங்கள். கேபிளை லேன் துளையில் செருகுங்கள், இணைய இணைப்பு வரும் வான் (WAN) துளையில் அல்ல.

ரீசெட்டை அழுத்தியபடியே பவர் போட்டு, பத்து விநாடி வரை விடாதீர்கள். பெட்டி கோப்பைக் கேட்டால் மென்பொருளின் பதிவில் அது தெரியும். அந்த வரியைப் பார்த்துவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது. அப்புறம் ஐந்து நிமிடம் எதையும் தொடாதீர்கள். முடிந்தால் யூபிஎஸ்ஸில் வைத்தே செய்யுங்கள்.

பதிவில் எதுவுமே வராவிட்டால், இடையில் ஒரு சாதாரண நெட்வொர்க் சுவிட்ச் (கேபிள்களை இணைக்கும் பெட்டி) வைத்து மறுபடி முயலுங்கள். சில லேப்டாப்களில் கேபிள் இணைப்பு விழித்தெழுவதற்குள் பெட்டி கேட்டு முடித்துவிடுகிறது.

கோப்பைத் தேர்ந்தெடுக்கும்போதுதான் மிகுந்த கவனம் வேண்டும். பெட்டியின் அடியில் உள்ள ஸ்டிக்கரில் இருக்கும் பதிப்பு எண்ணும் கோப்பின் பதிப்பும் ஒன்றாகவே இருக்க வேண்டும். கோப்பின் பெயரில் 'பூட்' என்ற சொல் இருந்தால் அதை அப்படியே ஏற்றக் கூடாது; பூட்லோடரும் போய்விடலாம். அது போய்விட்டால் பெட்டியைப் பிரித்து, கருவி வைத்துத்தான் சிப்பில் எழுத வேண்டும். ஆயிரம் ரூபாய்ப் பெட்டிக்கு அந்தச் செலவு கட்டாது, அப்போது புதிது வாங்குங்கள்.

உங்கள் மாடல் வேறாக இருந்தால் ஸ்டிக்கரில் உள்ள மாடல் பெயரையும் பதிப்பு எண்ணையும் எழுதி அனுப்புங்கள், அதற்கான முறையைச் சொல்கிறேன்.