உபுண்டு இயங்குதளம் 22.04-லிருந்து 24.04-க்கு மாறியபின் பூட், லாகின் சிக்கல்கள்: கேள்வி பதில்

கேட்கும்போது மெஷின் எந்த இடத்தில் நிற்கிறது என்று எழுதுங்கள். கிரப் மெனுவிலா (எந்தக் கெர்னலில் பூட் ஆவது என்று தேர்ந்தெடுக்கும் திரை), கறுப்புத் திரையிலா, பாஸ்வேர்டு கேட்குமிடத்திலா? அது தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

முத்தியால்பேட்டை: பாஸ்வேர்டு சரியாத்தான் போடுறேன், தப்புன்னே சொல்லுது. மாமா பாரிஸ்லேர்ந்து கொண்டுவந்த லேப்டாப்.

விடை உங்கள் கடைசி வரியில் இருக்கிறது. அது பிரெஞ்சு கீபோர்டு. லாகின் திரை அமெரிக்க அமைப்புக்கு மாறியிருந்தால், ஏ என்று அச்சிட்ட விசையை அழுத்தினால் க்யூ விழும். இசட்டுக்கு டபிள்யூ, எம்முக்கு அரைப்புள்ளி. எண்ணுக்கு ஷிஃப்ட் பிடித்து அழுத்துவீர்கள். 1-க்கு ஆச்சரியக்குறி விழும். எல்லாம் புள்ளியாக மறைவதால் கண்ணில் படாது. ‘நாட் லிஸ்டட்’ என்பதைச் சொடுக்கி, பெயர்க் கட்டத்தில் தட்டிப் பாருங்கள், விழும் எழுத்து தெரியும். அதை வைத்து உள்ளே போனதும் டெர்மினலில் ‘சூடோ டிபிகேஜி-ரீகன்ஃபிகர் கீபோர்டு-கன்ஃபிகரேஷன்’ ஓட்டி பிரெஞ்சைத் தேர்ந்தெடுங்கள். டிஸ்க்கை என்கிரிப்ட் செய்திருந்தால் ‘சூடோ அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யு’வும் ஓட்ட வேண்டும். இல்லாவிட்டால் டிஸ்க் பாஸ்வேர்டு கேட்குமிடத்தில் பழைய தொல்லை தொடரும்.

மஞ்சக்குப்பம், கடலூர்: அப்கிரேடு பாதியில கரண்ட் போச்சு. இப்ப ‘கெர்னல் பேனிக்’, கடைசியில ‘அன்நோன்-பிளாக் (0,0)’னு நிக்குது.

புதிய கெர்னல் (உபுண்டுவின் மையப் பகுதி) இறங்கிவிட்டது. அதனுடன் ஏற வேண்டிய இனிட்ராம்எஃப்எஸ் கோப்பு உருவாகவில்லை. அதனால் ரூட் டிஸ்க் (உபுண்டு இருக்கும் டிஸ்க்) எங்கே என்று கெர்னலுக்குத் தெரியவில்லை. மெஷினைப் போட்டதும் எஸ்கேப் விசையை, பழைய பயாஸ் என்றால் ஷிஃப்டை, அழுத்தி கிரப்பை வரவழையுங்கள். ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்’ போய்ப் பழைய கெர்னலின் ரெக்கவரி மோடு, அதில் ‘ரூட்’. அங்கே டிஸ்க் படிக்க மட்டுமே திறந்திருக்கலாம், எனவே முதலில் ‘மவுண்ட் -ஓ ரீமவுண்ட்,ஆர்டபிள்யூ /’. பிறகு வரிசையாக ‘டிபிகேஜி --கன்ஃபிகர் -ஏ’, ‘ஏபிடி -எஃப் இன்ஸ்டால்’, ‘அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -சி -கே’யுடன் புதிய கெர்னலின் பதிப்பு எண், ‘அப்டேட்-கிரப்’. இடமில்லை என்று திட்டினால் /பூட் நிரம்பியிருக்கிறது. மிகப் பழைய கெர்னலை ‘ஏபிடி பர்ஜ்’ கொண்டு நீக்குங்கள், கோப்பை நேரடியாக அழிக்காதீர்கள். ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலில் கை வைக்கவே கூடாது. ‘யுநேம் -ஆர்’ அது எதுவென்று சொல்லும்.

அப்கிரேடுக்கு முன் யுபிஎஸ், குறைந்தது ஒரு பழைய கெர்னல். இந்த இரண்டும் இல்லாமல் தொடங்காதீர்கள்.

வில்லியனூர்: பாஸ்வேர்டு ஏத்துக்குது, ஆனா திரும்ப லாகின் திரைக்கே வருது.

கன்ட்ரோல்+ஆல்ட்+எஃப்3 அழுத்தி எழுத்துத் திரையில் நுழையுங்கள். ‘டிஎஃப் -எச்’ போட்டு / என்ற வரியில் 100% தெரிந்தால் டிஸ்க் நிரம்பியிருக்கிறது, ‘சூடோ ஏபிடி கிளீன்’. இடம் இருந்தால் ‘எல்எஸ் -எல்ஏ’ கொண்டு ஹோமில் (உங்கள் சொந்தக் கோப்புறையில்) உள்ள .எக்ஸ்அத்தாரிட்டி கோப்பு யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். ரூட் (நிர்வாகி) பெயரில் இருந்தால் ‘சவுன்’ போட்டு உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். /டெம்ப்-இன் அனுமதி 1777 ஆக இருக்க வேண்டும்.

லாஸ்பேட்டை: அண்ணா, லாகின் பண்ணா திரும்ப லாகினே வருது.

வில்லியனூருக்குச் சொன்னதைப் பாருங்கள்.

பண்ருட்டி: எதுக்கு சார் இவ்வளவு? ஃபார்மேட் பண்ணா அரைமணி நேரம். /ஹோமை மட்டும் காப்பி எடுத்தா போதும்.

போதாது. இதை நம்பித்தான் கடைக் கணக்கைத் தொலைக்கிறார்கள். பில்லிங் மென்பொருள் மைஸ்கியூஎல் டேட்டாபேஸில் எழுதினால் அந்தத் தரவு இருப்பது /வார்/லிப்/மைஸ்கியூஎல்-இல். இணையதளக் கோப்பு /வார்/டபிள்யூடபிள்யூடபிள்யூ-இல், பிரிண்டர் அமைப்பு /எட்சி-இல். இவை எதுவும் /ஹோமுக்குள் வராது.

பண்ருட்டி: நான் பில்லிங்கே வெச்சுக்கலையே!

உங்களுக்குச் சரி. ஆனால் இதைப் படிக்கும் கடைக்காரருக்கு அந்த யோசனையைச் சொல்லாதீர்கள். லைவ் யுஎஸ்பியில் (உபுண்டுவை நேரடியாக ஓட்டும் பென்டிரைவ்) ஏறி, டிஸ்க்கை மவுண்ட் செய்து, முழுதாக வெளி டிஸ்க்குக்கு நகலெடுத்த பிறகு ஃபார்மேட் என்றால் எனக்கு ஆட்சேபணை இல்லை.

அரியாங்குப்பம்: லாகின் ஆகி மறுபடி லாகினுக்கே...

மூன்றாவது முறை. கேட்பதற்கு முன் மேலே படியுங்கள். வில்லியனூர்.

திருப்பாதிரிப்புலியூர்: வைஃபை வரல.

அது டிரைவர் விஷயம், தனியாகக் கேளுங்கள்.

நெல்லித்தோப்பு: ஒவ்வொரு தடவையும் ‘ஸ்டார்ட் ஜாப்’னு ஒன்றரை நிமிஷம் நின்னுட்டுத்தான் பூட் ஆகுது.

/எட்சி/எஃப்எஸ்டேப்-இல் (பூட்டில் ஏற வேண்டிய பார்ட்டிஷன்களின் பட்டியல்) இப்போது இல்லாத பார்ட்டிஷன் ஒன்று எழுதியிருக்கிறது, பெரும்பாலும் பழைய ஸ்வாப் (ரேமுக்குத் துணையான டிஸ்க் இடம்). பூட்டை நடத்தும் சிஸ்டம்டி அதற்கு 90 நொடி காத்திருக்கிறது. ‘சூடோ பிஎல்கேஐடி’ காட்டும் யுயுஐடியுடன் (பார்ட்டிஷனின் அடையாள எண்) ஒப்பிட்டு, பொருந்தாத வரியின் முன் # போடுங்கள். எப்போதாவது செருகும் வெளி டிஸ்க் என்றால் வரியை அப்படியே வைத்து, அதில் ‘நோஃபெயில்’ மட்டும் சேர்த்துவிடுங்கள்.