பழைய வீடியோ கேம் ஒலிகளில் பாட்டு போட்டும் ஏன் கேம் இசை மாதிரி கேட்பதில்லை?

சூப்பர் நின்டெண்டோ என்ற பழைய கேம் மெஷினின் சவுண்ட்ஃபான்ட்டை (அதன் கருவி ஒலிகளின் தொகுப்பை) இறக்கி வாசித்தும் மலிவான கீபோர்டு மாதிரிதான் கேட்கிறது என்கிறீர்கள். நானும் அந்தக் குழியில் விழுந்தவன்தான். ஸ்ட்ரிங்ஸில் இரண்டு கையாலும் நாலு நாலு நோட் கார்ட் (ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கும் நோட்டுகள்) பிடித்து, மேலே பெரிய ஹால் ரிவெர்ப்பையும் (மண்டபத்தில் ஒலி தேங்கி நிற்பது போன்ற விளைவு) ஊற்றினேன். கேட்கச் சகிக்கவில்லை.

குறை சாம்பிளில் (பதிவு செய்த கருவி ஒலியில்) இல்லை, நாம் வாசிக்கும் விதத்தில். அந்த மெஷினில் ஒரே நேரத்தில் 8 சேனல்தான் ஒலிக்கும். குதிக்கிற, அடிக்கிற சத்தங்களும் அதற்குள்ளேதான். ஒலிக்கான நினைவகம் மொத்தமே 64 கேபி. ஒலி அலையின் 16 அளவுப் புள்ளிகளை 9 பைட்டாகச் சுருக்கி வைப்பார்கள். நொடிக்கு 16,000 புள்ளி என்று வைத்துக்கொண்டால் ஒரு நொடிக்கு 9,000 பைட். ஏழு நொடிச் சத்தத்திலேயே எல்லாம் காலி! ட்ரம், பேஸ், வயலின் எல்லாம் அதற்குள் அடங்கணும். அதனால்தான் வயலினைத் துண்டாக வெட்டி லூப் போட்டார்கள், அதாவது அந்தத் துண்டையே திரும்பத் திரும்ப ஓடவிட்டார்கள். நமக்கு அடிக்கிற பழைய வாசனை பாதி அந்த லூப்பில் இருந்து வருவது.

சோதித்துப் பாருங்கள். சாம்பிள் பதிவான நோட்டுக்கு ஒரு ஆக்டேவ் (ஸ்தாயி) மேலே போய் அழுத்திப் பிடியுங்கள். சாம்பிளில் பதிவான வைப்ராட்டோ (சுருதி அசைவு) இரண்டு மடங்கு வேகத்தில் நடுங்கும், வயலின் கொசுவாகிவிடும். மெட்டை அந்த நோட்டுக்குப் பக்கத்திலேயே சுற்றவிட்டால் பிழைத்தீர்கள்.

அப்புறம், ரிவெர்ப்பைக் கழற்றுங்கள். அந்த சிப்பில் இருந்தது எக்கோ மட்டுமே. அதன் டிலே (ஒலி திரும்பி வர ஆகும் நேரம்) 16 மில்லிசெகண்ட் படிகளாக 240 மில்லிசெகண்ட் வரை போகும்; படிக்கு 2 கேபி வீதம் அதே 64-இல் இருந்து பிடித்துக்கொள்ளும். முழு எக்கோவும் வேண்டுமென்றால் 30 கேபியைத் தாரை வார்க்கணும். நான் 80 அல்லது 96 மில்லிசெகண்ட் டிலே வைத்து, திரும்பி வரும் ஒலியில் ட்ரெபிளைக் கொஞ்சம் வெட்டிவிடுவேன். பாடகர் குரல் இருந்தால் அதற்கு வழக்கமான ரிவெர்ப்பே போதும், அங்கே விரதம் தேவையில்லை.

பீப் பீப் ஒலிதான் வேண்டுமென்றால் 1983-இல் வந்த ஃபேமிகாம் (நின்டெண்டோவின் முந்தைய கேம் மெஷின்) பக்கம் போகணும். அதன் சேனல்கள்: இரண்டு பல்ஸ், ஒரு ட்ரையாங்கிள் (இரண்டும் அலை வடிவத்தின் பெயர்கள்), ஒரு நாய்ஸ் (இரைச்சல்), கூடவே கரகரப்பான ஒரு சாம்பிள் சேனல். கார்ட் பிடிக்க ஆள் பற்றாது. ஒரே சேனலில் மூன்று நோட்டையும் நொடிக்கு 60 தடவை வரை மாற்றி மாற்றி ஓடவிட்டு ஒப்பேற்றுவார்கள். ட்ரையாங்கிளுக்கு வால்யூம் கன்ட்ரோலே கிடையாது. பேஸை அதில் வைத்துவிட்டு, ஒரு நோட்டை மென்மையாகவும் ஒன்றை அழுத்தியும் வாசித்தால் வேஷம் கலைந்துவிடும்.

சரி, என் பாட்டு என்ன ஆச்சு? கார்ட்டை மூன்று நோட்டாகக் குறைத்தேன். ஆனாலும் எட்டுக்குள் அடங்காமல் ஒரு சேனல் இடித்தது. வேறு வழியில்லாமல் ஹை-ஹாட்டையும் ஸ்னேரையும் ஒரே சேனலில் போட்டேன். ஸ்னேர் விழும்போதெல்லாம் ஹை-ஹாட் பாதியில் அறுந்தது. பக்கத்து அறையிலிருந்து தம்பி வந்து, "எந்த கேம்டா இது?" என்று கேட்டான்.